ஜூடை மன்னித்தோம், டாரினை?

ஹோலி பிளாக்கின் 'தி குரூயல் பிரின்ஸ்' நாவலைப் படித்த யாரிடமாவது ஜூட் டுவார்ட்டேயைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அவள் செய்த கொலைக்கு ஒரு நியாயம், சொன்ன பொய்க்கு ஒரு நியாயம், ஆசைப்பட்ட அதிகாரத்துக்கு ஒரு நியாயம் என்று நிறுத்தாமல் பேசுவார்கள். அப்புறம் அவளுடைய இரட்டைச் சகோதரி டாரினைப் பற்றிக் கேளுங்கள். பேச்சு ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். துரோகி.

இந்த நாவல் வெளிவந்தது 2018 ஜனவரியில். அடுத்த இரண்டு பாகங்களும் 2019-லேயே வந்துவிட்டன. பதின்ம வயதினருக்கான மாயக்கதைகளில் இவ்வளவு சண்டையைக் கிளப்பிய நாயகிகள் குறைவு. நல்லவளா, கெட்டவளா, பிடிக்கிறதா, பிடிக்கவில்லையா என்று ஜூடைச் சுற்றியேதான் எல்லா விவாதமும் நடக்கிறது. எனக்கென்னவோ வாசகர்களின் மனதை உண்மையில் காட்டிக்கொடுப்பது டாரின்தான் என்று படுகிறது. குறையுள்ள நாயகி வேண்டும் என்று கேட்கிற நாம், எந்தக் குறையை ரசிக்கிறோம், எதைப் பொறுத்துக்கொள்வதே இல்லை என்பது அவள் விஷயத்தில் வெளிப்பட்டுவிடுகிறது. மூன்று பாகங்களின் கதையையும் உடைத்துத்தான் பேசப்போகிறேன். இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வருவது நல்லது.

முதல் காட்சியிலிருந்து தொடங்குகிறேன், அதில் எல்லாமே இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அமெரிக்காவில் ஒரு சாதாரண வீடு. ஏழு வயது ஜூட் தரைவிரிப்பில் உட்கார்ந்து, மைக்ரோவேவில் சூடாக்கி நொசநொசத்துப்போன மீன் துண்டுகளை கெச்சப்பில் தோய்த்துச் சாப்பிடுகிறாள். டாரின் சோபாவில் வாயில் கட்டைவிரலோடு தூங்குகிறாள். மூத்தவள் விவி டிவியில் கார்ட்டூன் பார்க்கிறாள். கதவு தட்டப்படுகிறது. வந்திருப்பவன் மடோக், ஃபேரிகள் என்கிற மாய இனத்தின் படைத்தளபதி. அவர்களுடைய அம்மா ஒருகாலத்தில் அவன் மனைவி. தான் செத்துவிட்டதாக நம்பவைத்து, அவன் மகளான விவியை வயிற்றில் சுமந்துகொண்டு மனிதர்களின் உலகத்துக்கு ஓடிவந்தவள். மடோக் அம்மாவையும் அப்பாவையும் பிள்ளைகளின் கண்ணெதிரிலேயே வெட்டிச் சாய்க்கிறான். பிறகு, தன் மனைவியின் பிள்ளைகள் தன் பொறுப்பு என்று சொல்லி மூன்று பேரையும் ஃபேரிகளின் நாடான எல்ஃப்ஹேமுக்குக் கொண்டுபோய் வளர்க்கிறான்.

வளர்க்கிறான் என்றால் ஏனோதானோவென்று இல்லை. நன்றாகவே வளர்க்கிறான். வாள் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறான், போர்த் தந்திரம் சொல்லித்தருகிறான், கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்கிறான். ஜூடுக்கு அவன் மேல் பாசமும் இருக்கிறது. பெற்றவர்களைக் கொன்றவன் பாராட்டினால் அவள் உள்ளம் குளிர்கிறது. நாவலின் மற்ற எல்லாப் பயங்கரத்தையும்விட எனக்கு இதுதான் பயங்கரமாக இருந்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லைப்புற நாட்டுப்புறக் கதைகளில் 'ரெட்கேப்' என்று ஓர் இனம் உண்டு. பாழடைந்த கோட்டைகளில் வாழ்ந்து, கொன்றவர்களின் ரத்தத்தில் தொப்பியைச் சாயம் ஏற்றிக்கொள்ளும். மடோக் அந்த இனம். அப்படிப்பட்ட ஒருவனை இரவில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடும் அப்பாவாகவும் எழுதியிருப்பதுதான் ஹோலி பிளாக்கின் துணிச்சல்.

பத்து வருடம் கழித்து, பதினேழு வயதில், இரண்டு பெண்களும் இரண்டு வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஜூட் வீராங்கனையாக வேண்டும் என்கிறாள். மடோக் மறுக்க, இளவரசன் டெயினுக்கு உளவாளியாகச் சேர்கிறாள். டாரின் அங்கேயே ஒருவனைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு, அந்த ஊர்க்காரியாகவே ஆகிவிடப் பார்க்கிறாள். இருவருக்கும் வேண்டியது ஒன்றுதான். தங்களை ஒரு பொருட்டாக மதிக்காத ஓர் இடத்தில், யாரும் விரட்ட முடியாதபடி காலூன்ற வேண்டும். திரும்பிப் போய்விட்டால் என்ன என்று சில வாசகர்கள் கேட்கிறார்கள். விவியும் அதைத்தான் சொல்கிறாள். ஆனால் ஏழு வயதில் போனவர்களுக்குத் திரும்பிப் போக எந்த வீடு இருக்கிறது?

ஜூடின் கணக்கில் இருப்பவற்றைப் பார்க்கலாம். ஃபேரிகளுக்குப் பொய் சொல்ல வராது, மனிதர்களால் முடியும். அந்த ஒரு வசதியை அவள் ஆயுதமாக்கிக்கொள்கிறாள். தன்னைக் கொல்ல வந்த வலேரியனைக் கொன்று ரகசியமாகப் புதைக்கிறாள். இளவரசன் கார்டனிடம் ஒரு வருடமும் ஒரு நாளும் தன் சொல்லுக்குக் கட்டுப்படுவதாக சத்தியம் வாங்கிக்கொண்டு, அவனே எதிர்பாராத நேரத்தில் அவன் தலையில் கிரீடத்தை வைக்கவைக்கிறாள். வளர்த்த தகப்பனுக்கே விஷம் கொடுக்கிறாள்.

அந்த விஷக் காட்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜூட் தினமும் சிறிது சிறிதாக விஷம் சாப்பிட்டு உடம்பைப் பழக்குகிறாள். இது கற்பனையில் மட்டும் உள்ள பழக்கம் இல்லை. கி.மு. முதல் நூற்றாண்டில் பாண்டஸ் நாட்டை ஆண்ட ஆறாம் மித்ரிடேட்டிஸ் இப்படித்தான் தன்னைக் காத்துக்கொண்டான் என்பார்கள். கடைசியில் சாக நினைத்தபோது விஷம் வேலை செய்யவில்லை என்றும் சொல்வார்கள். சாணக்கியன் சந்திரகுப்தனின் சாப்பாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் கலந்த சமணக் கதை நமக்குத் தெரிந்ததுதான். அங்கெல்லாம் அரசனுக்காக நடப்பதை இங்கே பதினேழு வயதுப் பெண் தன் அறையில் தனியாகச் செய்கிறாள், வயிறு புரண்டு, கை நடுங்கி, மறுநாள் மறுபடியும். முடிவில் மடோக்கும் அவளும் குடிக்கும் இரண்டு கோப்பையிலும் விஷம் இருக்கிறது. அவளுக்கு அது பழகிப்போயிருக்கிறது, அவனுக்குப் பழகவில்லை. வாசகர்கள் கைதட்டும் இடம் இது. எனக்கும் புல்லரித்தது. ஆனால் ஒரு பிள்ளை தினமும் விஷம் குடித்துதான் அந்த வீட்டில் உயிரோடு இருக்க முடிகிறது என்பது கைதட்டலில் மறைந்துபோகிறது.

இன்னொரு இடம் கிட்டத்தட்ட யார் பேச்சிலும் வருவதில்லை. உளவு பார்ப்பதற்காக இளவரசன் பலெகினின் மாளிகைக்குள் வேலைக்காரியாக வேடமிட்டு நுழைகிறாள் ஜூட். அங்கே வேலை செய்பவர்கள் எல்லாம் மனிதர்கள். வசியத்தில் கட்டுண்டு, எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல், உடம்பு தேயத் தேய உழைக்கிறார்கள். அவர்களில் சோஃபி என்ற பெண்ணை ஜூட் காப்பாற்றிக் கூட்டிவருகிறாள். நல்ல மனசோடுதான் செய்கிறாள். வசியம் தெளிந்த சோஃபிக்குத் தன்னைச் சுற்றி இருப்பது என்னவென்று தெரிகிறது. அதை அவளால் தாங்க முடியவில்லை. மனித உலகத்துக்குக் கூட்டிப்போகும் வழியில், கடலுக்கு மேலே பறக்கும்போது, குதித்துவிடுகிறாள்.

ஜூடின் பெரிய குறை எது என்று என்னைக் கேட்டால் கொலையையோ பொய்யையோ சொல்ல மாட்டேன், இந்தக் காட்சியைத்தான் காட்டுவேன். தான் எதைத் தாங்குகிறாளோ அதை எல்லாரும் தாங்குவார்கள் என்று நினைக்கிறாள். தன்னைப் போன்ற பலம் இல்லாதவர்களைப் பார்க்கும் கண் அவளுக்கு இல்லை. பத்து வருடம் பயத்தைப் பல்லைக் கடித்து விழுங்கியவளுக்கு, பயந்தவர்களைக் கண்டால் பொறுமை போய்விடுகிறது. அந்தப் பயந்தவர்களில் ஒருத்தி அவள் பக்கத்து அறையிலேயே இருக்கிறாள்.

சரி, டாரின் அப்படி என்னதான் செய்தாள்? லாக் என்பவனைக் காதலிக்கிறாள். அவன் அவளுக்கு ஒரு சோதனை வைக்கிறான். அவன் ஜூடிடம் காதல் பேசுவான், முத்தமிடுவான். டாரின் அதைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் இருக்க வேண்டும். இருந்துவிட்டால் கல்யாணம். லாக் மனிதர்களை வைத்துக் கதை நடத்திப் பார்ப்பதில் ருசி கண்டவன். டாரின் சம்மதிக்கிறாள். தன் சகோதரி ஏமாறுவதைத் தெரிந்தே பார்த்துக்கொண்டிருக்கிறாள். உண்மை தெரிந்ததும் இருவரும் வாளை உருவி நேருக்கு நேர் மோதிக்கொள்கிறார்கள். இரண்டாம் பாகத்தில் இன்னும் மோசம். ஜூடாக வேடமிட்டுக்கொண்டு கார்டனை ஏமாற்றி, மடோக்குக்கு உதவுகிறாள்.

இதில் எதையும் நான் சின்ன விஷயம் என்று சொல்லவில்லை. என் அக்கா மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். மூன்று பாகத்தையும் என் அலமாரியிலிருந்துதான் எடுத்துப்போய் முடித்தாள். ஒரு மாலை மொட்டை மாடியில் இதைப் பற்றி நீளமாகப் பேசினோம்.

"சித்தி, ஜூட் பண்ணின கொலை தற்காப்பு. டாரின் பண்ணினது துரோகம். ரெண்டையும் எப்படி ஒரே தராசுல வைப்பீங்க?"

"டாரின் என்ன செஞ்சிருக்கணும்ங்கற?"

"ஜூட்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். கூடப் பிறந்தவ இல்லையா? ஒரே ஒரு வார்த்தை. அது போதும்."

இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வெளியாள் குத்துவதைவிட உடன்பிறந்தவள் மௌனமாக இருந்தது வலிக்கும்தான். ஆனால் நான் அவளிடம் திருப்பிக் கேட்டது இதுதான். கார்டனின் கூட்டம் இரட்டையர் இருவரையும் ஆற்றில் தள்ளிவிடுகிறதே, அந்தக் காட்சி நினைவிருக்கிறதா? ஜூடைக் கைவிட்டால் உன்னை விட்டுவிடுகிறேன் என்று கார்டன் டாரினிடம் சொல்கிறான். ஜூடே அவளைப் போகச் சொல்கிறாள். டாரின் போகிறாள். கரையேறியவளை நாம் கோழை என்றோம். தண்ணீரில் நின்றவளை நாயகி என்றோம். ஆனால் ஜூட் கார்டனோடு வம்பு வளர்க்கும் ஒவ்வொரு முறையும் அதன் விலையில் பாதியை டாரின் கொடுக்க வேண்டியிருக்கிறது. எதிர்க்காதே, விட்டுவிடு என்று அவள் கெஞ்சிக்கொண்டே இருக்கிறாள். ஜூட் கேட்பதே இல்லை. கதையை ஜூட் சொல்வதால் அந்தக் கெஞ்சல் நமக்குத் தொணதொணப்பாகக் கேட்கிறது.

எங்கள் வீட்டில் பெரியவர் ஒருவர் கோபத்தில் சத்தம் போடும்போது நான் எதிர்த்துப் பேசுவேன். என் அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவாள். தைரியசாலி யார் என்று சொந்தக்காரர்களைக் கேட்டால் என்னைத்தான் கைகாட்டுவார்கள். நான் பேசிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் மிச்சமிருக்கும் கோபத்தையெல்லாம் சமையலறையில் அம்மாவோடு நின்று வாங்கிக்கொண்டவள் அவள். அந்த அக்காவின் மகள்தான் மாடியில் உட்கார்ந்து டாரினை மன்னிக்க மறுக்கிறவள். அவளிடம் இதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மா யாரையும் ஏமாத்தல சித்தி" என்றாள். அதுவும் சரிதான்.

இருந்தாலும் நான் விடுவதாக இல்லை. குறையுள்ள நாயகிகளைப் பற்றி வாசகர்கள் பேசுவதைக் கவனித்தால் ஒன்று புரியும். கோபம், பேராசை, சூழ்ச்சி, கத்தி வீச்சு ஆகிய குறைகளுக்கெல்லாம் ஒரு மினுமினுப்பு உண்டு. அவை கதையை நகர்த்துகின்றன, படிக்கிறவர்களுக்கும் கொஞ்சம் வீரம் ஏறுகிறது. பயம், அனுசரித்துப் போவது, நாலு பேருக்குப் பிடித்தவளாக இருக்கத் தவிப்பது, தன்னைக் காதலிப்பதாகச் சொல்பவனை நம்பிச் சகித்துக்கொள்வது ஆகியவையும் குறைகள்தான். இவற்றைச் செய்பவளை யாருக்கும் பிடிப்பதில்லை. பதினேழு வயதில் நம்மில் எத்தனை பேர் கையில் கத்தி வைத்திருந்தோம்? எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டிருந்தோம்?

கார்டனோடு வரும் காதலைப் பற்றிய சண்டையையும் தொடாமல் போக முடியாது. முதலிலிருந்து கொடுமைப்படுத்தியவனையே நாயகன் ஆக்குவது இளம் வாசகிகளுக்குத் தவறான பாடம் என்று பலர் சொல்கிறார்கள். அந்தக் கவலை நியாயமானது. அண்ணன் பலெகின் ஒரு மனித வேலைக்காரனை ஏவி கார்டனை அடிக்கவைக்கும் காட்சி அவன் ஏன் அப்படி ஆனான் என்று காட்டுகிறது, அவன் செய்ததைத் துடைத்துவிடவில்லை. முதல் இரண்டு பாகங்களில் ஜூடும் அவனை நம்பாமல்தான் அருகில் வைத்திருக்கிறாள், அவர்கள் உறவே ஒரு கட்டாயச் சத்தியத்தின் மேல்தான் நிற்கிறது. அதுவரை ஆசிரியர் கண் விழிப்போடு எழுதியிருக்கிறார். மூன்றாம் பாகத்தில் அவசர அவசரமாக எல்லாம் இனித்துப்போகிறது. அங்கே எனக்கு மனக்குறைதான்.

2018-லேயே ஹோலி பிளாக் 'தி லாஸ்ட் சிஸ்டர்ஸ்' என்று ஒரு குறுநாவல் எழுதினார். டாரின் ஜூடிடம் பேசுவதுபோல அமைந்தது. அதைப் படித்தபின் மனம் மாறியவர்களும் உண்டு, சாக்குப்போக்கு என்று ஒதுக்கியவர்களும் உண்டு. எனக்கு அந்தச் சின்னப் புத்தகம் முக்கியமாகப் படுகிறது. பொறுமையாக இருப்பவளுக்குத்தான் கடைசியில் பரிசு என்று சொல்லும் கதைகளை நம்பிய ஒருத்தியின் குரல் அதில் கேட்கிறது. லாக் வைத்த சோதனை அவளுக்கு அவமானமாகத் தெரியவில்லை. கதைகளில் வரும் பெண்கள் எல்லாரும் தாண்டுகிற ஒரு படியாகத் தெரிந்திருக்கிறது. ஜூட் தன் குறைகளை மடோக்கிடம் கற்றாள் என்று ஏற்றுக்கொள்கிறோமே, டாரின் தன் குறைகளை எங்கே கற்றாள் என்றும் கேட்க வேண்டாமா?

இனி மூன்றாம் பாகம். கார்டனால் நாடு கடத்தப்பட்டு மனித உலகத்தில் இருக்கும் ஜூடைத் தேடி டாரின் வருகிறாள். லாக்கைக் கொன்றுவிட்டதாகச் சொல்கிறாள். வயிற்றில் பிள்ளை. விசாரணையில் வசிய மந்திரம் போட்டுக் கேட்டால் உண்மையைக் கொட்டிவிடுவாள். ஜூடை வசியப்படுத்த முடியாது. அதனால் தனக்குப் பதிலாகத் தன் வேடத்தில் நீ போய் நில் என்று கேட்கிறாள். ஜூட் போகிறாள்.

இந்த இடத்திலிருந்து வாசகர்கள் டாரினிடம் கனிவாகப் பேச ஆரம்பிக்கிறார்கள். ஒருவழியாக முதுகெலும்பு வந்ததே என்கிறார்கள். என் அக்கா மகளும் இங்கேதான் கொஞ்சம் இறங்கிவந்தாள். எனக்கு இதைக் கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. இரண்டு பாகம் முழுக்க அவள் அழுதபோதும் பயந்தபோதும் ஏமாற்றப்பட்டபோதும் வராத இரக்கம், கணவனைக் கொன்றதும் வந்துவிடுகிறது. அவளை அவளாக நாம் மன்னிக்கவில்லை. ஜூடைப் போல ஆனபிறகுதான் மன்னித்தோம். ஆசிரியர் மேல் எனக்கு இருக்கும் பெரிய வருத்தமும் இதுதான். டாரினை மீட்பதற்கு அவர் கையிலும் ஒரு கொலைதான் இருந்தது. அந்தக் கல்யாணத்துக்குள் என்ன நடந்தது, அவள் எந்த நாளில் உடைந்தாள், பொறுமைக்குப் பரிசு இல்லை என்று எப்போது புரிந்தது என்பதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கலாம். அந்த நாவலை நான் இரவோடிரவாகப் படித்திருப்பேன்.

சகோதரிகள் மறுபடி சேர்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஜூட் உதவுகிறாள், சரி. ஆனால் டாரின் செய்ததற்கு டாரின் மன்னிப்புக் கேட்க வேண்டியிருப்பதுபோல, பல வருடம் அவள் பேச்சைக் காதில் வாங்காமல் போனதற்கு ஜூடும் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும் என்று நான் காத்திருந்தேன். கடைசிப் பக்கம் வரை அது வரவில்லை.

விவியைப் பற்றி யாரும் சண்டை போடுவதே இல்லை. கேலியும் கிண்டலுமாக இருப்பாள், மடோக்கை வெளிப்படையாக வெறுப்பாள், மனித உலகத்தில் ஹெதர் என்ற பெண்ணோடு குடித்தனம் நடத்த ஆசைப்படுவாள். எல்லாருக்கும் பிடித்தவள். எல்ஃப்ஹேமுக்கு வந்து ஹெதர் மிரண்டுபோனபோது, அவளைக் கேட்காமலேயே வசியம் போட்டு அவள் நினைவைத் துடைத்துவிடுகிறாள் இந்த விவி. தெரிந்ததும் ஹெதர் விலகிப் போகிறாள். பலெகின் தன் வேலைக்காரர்களைக் கட்டிப்போட்டதும் வசியத்தால்தான். மாடியில் இதை எடுத்துச் சொன்னபோது அக்கா மகள், "அவ அன்பாலதானே பண்ணினா" என்றாள். அன்பால் செய்தால் என்ன, ஹெதரிடம் கேட்டாளா என்றேன். புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கங்களைத் தேடிப் புரட்ட ஆரம்பித்தாள்.